வேளச்சேரியில் ஒரு டே கேர்: இரண்டரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சென்னை வேளச்சேரியில், எங்கள் வீட்டிலிருந்து அலுவலகம் போகும் வழியில் இருக்கும் ஒரு டே கேரில் என் மகள் 14 மாதக் குழந்தையாகச் சேர்ந்தாள். இப்போது அவளுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. சேர்ப்பதற்கு முன் நாங்கள் துருவித் துருவிப் பார்த்தவற்றில் எவை கடைசி வரை பயன்பட்டன, எவை முதல் மாதத்தோடு மறந்துபோயின என்பதை, இப்போது இதே தேடலில் அலைந்துகொண்டிருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். மையத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஒரே பெயர்ப்பலகையின் கீழ் ஊரெங்கும் கிளைகள் நடக்கும் இந்தத் தொழிலில், ஒரு கிளையைப் பற்றி நான் சொல்வது அடுத்த கிளைக்குப் பொருந்தாது.

மற்ற வழிகளையும் பார்த்தோம். தெருமுனை அங்கன்வாடி நல்ல முறையில் நடக்கிறது. ஆனால் மாலை ஆறரை மணிக்கு வீடு திரும்புகிறவர்களுக்கு அதன் நேரம் ஒத்துவராது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த விதியின்படி 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் குழந்தைகள் காப்பகத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்றுவரவும் அனுமதிக்க வேண்டும். என் அலுவலகம் தானே காப்பகம் நடத்தாமல், வெளியில் உள்ள சில மையங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்கிறது. அந்தப் பட்டியலில் இருந்த மையங்களில் ஒன்றுதான் இது. வேறு நிறுவனத்தில் இருப்பவர்கள் மனிதவளப் பிரிவில் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. கேட்காதவர்களுக்கு யாரும் தேடி வந்து சொல்வதில்லை.

முதல் முறை பார்க்கப் போகும் பெற்றோருக்கு எல்லா மையங்களும் காட்டுவது சுவரோவியம், வண்ண விளையாட்டுச் சாமான்கள், கைப்பேசியிலேயே பார்க்கும்படியான கேமரா வசதி ஆகியவற்றைத்தான். கேமராவை முதல் வாரம் வேலைக்கு நடுவே ஓயாமல் பார்த்தேன். பிறகு அந்தச் செயலியைத் திறப்பதே அரிதாகிவிட்டது. விளையாட்டுக் கூடம் மட்டுமே அதில் தெரியும், சத்தம் கேட்காது, சோறூட்டும் இடமும் கழிவறைப் பக்கமும் வராது. மதியம் குழந்தைகள் தூங்கும்போது பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் அது உருப்படியான பதில் தந்தது.

இரண்டரை ஆண்டுகளிலும் எங்கள் நிம்மதியையும் கவலையையும் தீர்மானித்தவர்கள் ஆயாம்மாக்கள்தான். குழந்தையைக் கையில் வாங்குவது, ஊட்டுவது, துணி மாற்றுவது, தட்டித் தூங்க வைப்பது என எல்லாமே அவர்கள் பொறுப்பில் நடக்கிறது. சேர்க்கை பேசும் உரிமையாளரையும் ஆங்கிலப் பாட்டுச் சொல்லித்தரும் மிஸ்ஸையும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. இரண்டாம் ஆண்டில், அருகே புதிதாகத் திறந்த ஒரு மையம் கொஞ்சம் கூடுதல் சம்பளம் தருவதாகச் சொன்னதும் ஆயாம்மாக்களில் பெரும்பாலோர் ஒரே மாதத்தில் விலகிவிட்டார்கள். அதுவரை கையசைத்துவிட்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்த என் மகள் மறுபடியும் வாசலில் அழத் தொடங்கினாள். பழகியிருந்த கழிவறைப் பழக்கமும் சில வாரங்கள் பின்வாங்கியது. ஆகவே மையத்தைப் பார்க்கப் போகிறவர்கள், மூத்த ஆயாம்மா எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார், கடந்த ஓராண்டில் எத்தனை பேர் விலகினார்கள் என்று கேட்க வேண்டும். பதிலை உரிமையாளரிடம் மட்டும் கேட்காமல் ஆயாம்மாவிடமும் இரண்டு வார்த்தை பேசினால் நிலவரம் தெரிந்துவிடும். சம்பளத்தைப் பற்றிக் கேட்பது நாகரிகமில்லை என்று என் கணவர் நினைத்தார். மாதம் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு என்பது என் கட்சி.

ஆள் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். காப்பகங்களுக்கான மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், மூன்று வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்குப் பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவரும் உடன் ஓர் உதவியாளரும் இருக்க வேண்டும் என்கின்றன. காலை பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்தால் எல்லா மையங்களிலும் ஆள் நிறைந்திருக்கும். மாலை ஐந்தரைக்கு மேல், பகல் பணியாளர்கள் கிளம்பிய பிறகு, எல்லா வயதுக் குழந்தைகளையும் ஒரே அறையில் சேர்த்து ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்ளும் நேரம்தான் சோதனையான நேரம். கடிபடுவதும் கீழே விழுவதும் எங்கள் மையத்தில் பெரும்பாலும் அப்போதுதான் நடந்தன.

காப்பகம் தரைத்தளத்தில் இருப்பதே நல்லது என்கின்றன அதே நெறிகள். தீ, அவசர வெளியேற்றம் ஆகியவற்றை எண்ணினால் அது சரி. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள், தரைத்தளம் என்றதும் தெருமட்டத்தையும் பார்த்துவிடுவார்கள். சாலையை மேலும் மேலும் உயர்த்திப் போட்டதில் பல பழைய வீடுகள் இன்று பள்ளத்தில் இருக்கின்றன. நாங்கள் தேர்ந்தெடுத்தது வாசலில் நான்கு படி ஏறிப் போகும் தரைத்தளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் மூன்றாம் படியைத் தாண்டியதில்லை. பள்ளிகளுக்கு ஆட்சியர் விடுமுறை அறிவிக்கும் நாளில் மையம் திறந்திருக்குமா என்பதையும் சேரும்போதே கேட்டுவிட வேண்டும், ஏனென்றால் அன்று அலுவலகத்துக்கு விடுமுறை இருக்காது.

வெளிவாசல் இரும்புக் கதவை உள்ளே பூட்டி வைக்கிறார்கள். குழந்தை தெருவுக்கு ஓடிவிடக் கூடாது என்பதற்காக அது தேவைதான். சாவி யாரிடம் இருக்கிறது, பின்பக்கம் இன்னொரு வழி உண்டா, கேஸ் அடுப்பு எங்கே இருக்கிறது என்று நான் கேட்டபோது அங்கிருந்தவர்கள் சற்று வியந்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறையிலிருந்து கூரைக்குப் பரவிய தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலத்தில் இந்தக் கேள்விக்கு வியப்பதற்கு எதுவும் இல்லை.

உணவைப் பொறுத்தவரை வீட்டிலிருந்தே பருப்புச் சாதமும் இட்லியும் கொடுத்தனுப்பினோம். மிச்சத்தைக் கொட்டாமல் டப்பாவிலேயே திருப்பி அனுப்பச் சொன்னதால், எவ்வளவு சாப்பிட்டாள் என்பது தெரிந்தது. கைப்பேசியைக் காட்டிச் சோறூட்டும் வழக்கம் சில ஆயாம்மாக்களிடம் இருந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதைப் பெற்றோர் சிலர் சேர்ந்து எடுத்துச் சொன்ன பிறகு அது பெருமளவு குறைந்தது.

முதல் ஆண்டில் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வந்தன; கை, கால், வாய்ப் புண் நோய் ஒருமுறை வந்தது. எந்த மையத்திலும் இதைத் தவிர்க்க முடியாது. ஒரு குழந்தைக்கு வந்த அன்றே மற்ற பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் தெரிவித்ததையும், கொப்புளம் காயும் வரை அந்தக் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளாததையும் இந்த மையத்தின் பெரிய நிறையாகச் சொல்வேன். அந்த நாட்களில் திருச்சியிலிருந்து என் மாமியார் வந்து பார்த்துக்கொண்டார்; ஊரிலிருந்து வரக்கூடிய ஒருவர் இல்லாத வீட்டில், முதல் ஆண்டு விடுப்பைச் சிக்கனமாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

வரும் ஜூனில் எல்கேஜி சேர்கிறாள். பள்ளி விட்டபின் மாலை வரை இதே மையத்தில் தொடர்வதாக முடிவு செய்திருக்கிறோம், இரண்டாம் ஆண்டில் மற்றவர்கள் போனபோது விலகாமல் தங்கிவிட்ட மூத்த ஆயாம்மா இன்னும் அங்கே இருக்கிறார் என்பதற்காக. முழுநேரத்திலிருந்து மாலைநேரத்துக்கு மாறும்போது முன்பணத்தில் பாதியைத் திருப்பித் தர வேண்டும் என்று சேர்க்கைப் படிவத்திலேயே எழுதி வாங்கியிருந்ததால், அதைப் பற்றி வாக்குவாதம் எழவில்லை.