மீடியாவிக்கியின் துணைப்பிரிவு இணைப்புகள்: ஒரு மதிப்பீடு

கொழும்பில் தமிழர் வாழும் பகுதிகளைப் பற்றிய தகவல்களை, வெள்ளவத்தையிலுள்ள எங்கள் சிறு குழு மீடியாவிக்கி மென்பொருளில் தொகுத்து வருகின்றது. விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மென்பொருள்தான் இது. கட்டணமில்லை, தமிழ் இடைமுகமும் உண்டு. நீண்ட பக்கமொன்றின் பிரிவுக்குள் அடங்கிய துணைப்பிரிவுக்கு வாசகரை நேராக அழைத்துச் செல்வதில் அது எவ்வளவு நம்பத்தக்கது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

இணைப்பிடுவது எளிது. பக்கத்தின் பெயரை அடுத்து # குறியையும் தலைப்பையும் இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் போதும்.

சிக்கல் தொடங்குவது ஒரே துணைத்தலைப்பு மீண்டும் வரும்போதுதான். எங்கள் கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் "கோயில்கள்" என்ற பிரிவின் கீழ், பொன். இராமநாதன் கருங்கல்லில் மீளக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைப் பற்றிக் கூறும் "வரலாறு" உள்ளது. "பாடசாலைகள்" என்ற பிரிவின் கீழும் ஒரு "வரலாறு" உள்ளது. மென்பொருள் தாய்ப்பிரிவைக் கருத்தில் கொள்வதில்லை. பக்கத்தில் வரும் வரிசையை மட்டுமே பார்த்து இரண்டாவதற்கு, இணைப்புகளில் பயன்படும் பெயராக "வரலாறு_2" என்பதை இடுகின்றது. நாளை ஒருவர் இவற்றுக்கு முன்பாகத் "தேவாலயங்கள்" என்ற பிரிவையும் அதற்குள் ஒரு "வரலாறு" துணைப்பிரிவையும் சேர்த்தால், பாடசாலைகளுக்கென இட்ட பழைய இணைப்பு எந்த எச்சரிக்கையுமின்றிக் கோயிலின் வரலாற்றில் போய் நிற்கும். இல்லாத பக்கத்துக்கான இணைப்பு சிவப்பாகத் தெரியும். ஆனால் தலைப்பு மாற்றப்பட்ட பிரிவுக்கான இணைப்போ வழக்கமான நீல நிறத்திலேயே இருந்து, வாசகரைப் பக்கத்தின் உச்சியில் விட்டுவிடும். இத்தனை ஆண்டுகள் வளர்ந்த மென்பொருளில் இதை ஒரு பெருங்குறையாகவே நான் கருதுகிறேன்.

இதற்கு வழி இல்லாமலில்லை. "பாடசாலைகளின் வரலாறு" என்று துணைத்தலைப்பையே முழுமையாக எழுதுவது முதல் வழி. பொருளடக்கம் சற்று நீளும், ஆயினும் வாசகருக்கு அதுவே தெளிவு. தலைப்பினருகே நாமே நிலையான நங்கூரப் பெயர் (இணைப்பு சென்று நிற்கவேண்டிய இடத்தைக் குறிக்கும் பெயர்) ஒன்றை இட்டு அதற்கு இணைப்பது மற்றையது. தலைப்பை மாற்றுபவர் பழைய பெயரை நங்கூரமாக விட்டுச் செல்வாரானால், வெளித்தளங்களிலிருந்து வரும் இணைப்புகளும் பிழைத்துக்கொள்ளும்.

தமிழில் எழுதுவோரை நெடுங்காலம் வருத்திய இன்னொரு குறை பெருமளவு நீங்கியுள்ளது. முன்னர் நங்கூரப் பெயரில் "க" என்ற ஓரெழுத்தே ஒன்பது குறிகளாக மாறிவிடும். 2017இல் வெளியான 1.30 பதிப்பு தமிழ் எழுத்துகளை உள்ளவாறே வைத்திருக்க வழிசெய்தது. இருப்பினும் முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது சில உலாவிகள் அதைப் பழையபடி குறிகளின் நீண்ட தொடராக்கிவிடுகின்றன. எனவே முகவரிக்கு மேலே பக்கம், தாய்ப்பிரிவு, துணைப்பிரிவு ஆகிய மூன்றின் பெயர்களையும் எழுதி அனுப்புமாறு எங்கள் குழுவினரைக் கேட்டிருக்கிறேன்.

தலைப்புகளுக்குப் பெயரிடுவதில் ஒழுங்கு பேணும் குழுவுக்கு இம்மென்பொருளைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பலரும் விரும்பியபடி தலைப்பிடும் இடமாயின், நங்கூரங்களைக் கவனிக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்த பின்னரே தொடங்குவது நல்லது.