டைம்ஷேர் பாயின்ட்டா, தேவைப்படும்போது ரூமா: எங்கள் வீட்டுக் கணக்கு

2022 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், திருச்சியில் ஒரு ஹோட்டல் ஹாலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஜவுளிக்கடை வாசலில் பெயரும் போன் நம்பரும் எழுதிப் போட்ட சீட்டுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி சேர்ந்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அழைத்திருந்தார்கள். பேச்சு முழுக்க டைம்ஷேர் பற்றித்தான், அதாவது ஒரு கம்பெனியின் ரிசார்ட்டுகளில் பல வருடம் தங்கும் உரிமையை முன்கூட்டியே பணம் கட்டி வாங்குவது. 4 லட்சம் ரூபாய் கட்டினால் 25 வருடத்துக்கு, வருடா வருடம் கணக்கில் பாயின்ட் ஏறும். அதை வைத்து ஊட்டி, மூணாறு, கூர்க், கோவா என்று குடும்பத்தோடு தங்கலாம். அன்றைக்கே கையெழுத்துப் போட்டால் 60,000 ரூபாய் தள்ளுபடி. மறுநாள் வந்தால் கிடையாது.

என் வீட்டுக்காரர் கார்டைக் கையில் எடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மாமியார், நாங்கள் இரண்டு பேர், அப்போது ஏழாவதும் இரண்டாவதும் படித்த பிள்ளைகள் என்று ஐந்து பேர் ஒரே கூரையின் கீழ், சமையலறையோடு தங்கும் படத்தைக் காட்டினால் யாருக்கும் ஆசை வரும். நான்தான் "ஒரு ராத்திரி யோசிச்சுட்டுச் சொல்றோம்" என்று எழுந்தேன். அந்த ராத்திரி என் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் 2011-லேயே இப்படி ஒரு மெம்பர்ஷிப் வாங்கியவர். மறுநாள் அவர் தன் பழைய ரசீதுகளை எல்லாம் எடுத்துக் கொடுத்தார். இங்கே நான் எழுதும் கணக்கு பெரும்பாலும் அந்த ரசீதுகளிலிருந்து வந்தது. நாங்கள் வாங்கவில்லை. அதனால் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

முதலில் பாயின்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் இந்தத் தொழில் புதிதல்ல. ஸ்டெர்லிங் கம்பெனி 1986-லும், கிளப் மஹிந்திராவை நடத்தும் மஹிந்திரா ஹாலிடேஸ் 1996-லும் தொடங்கியவை. பலருக்கும் தெரிந்த பழைய முறை வாரக் கணக்கு. கிளப் மஹிந்திராவின் 25 வருட மெம்பர்ஷிப்பில் வருடத்துக்கு ஏழு இரவு, சீசனை ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் பிரித்திருப்பார்கள். எந்த நிறத்துக்குப் பணம் கட்டினோமோ அந்தக் காலத்தில் போகலாம். பாயின்ட் முறையில் நிறம் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் போகலாம், ஆனால் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு விலை. மாதம், கிழமை, ஊர், அறையின் அளவு எல்லாவற்றையும் பொறுத்து அந்த விலை மாறும். மிச்சமானதை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம், அடுத்த வருடத்ததை முன்கூட்டியே எடுக்கலாம். கேட்கும்போது இது இன்னும் வசதியாகத் தெரியும். உண்மையிலேயே சிலருக்கு வசதிதான்.

யாருக்கு என்றால், ஜூலையிலும் நவம்பரிலும் கிளம்பக்கூடியவர்களுக்கு. ரிட்டயர் ஆனவர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இல்லாத தம்பதிகள், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள். எங்களுக்குக் காட்டிய அட்டவணையில், ஜூலை மாதம் ஊட்டியில் ஏழு இரவு தங்கப் போதுமான பாயின்ட், மே மாதம் மூன்று இரவுக்குத்தான் வந்தது. பிள்ளைகள் படிக்கிற வீட்டுக்கு மே, காலாண்டு லீவு, அரையாண்டு லீவு தவிர வேறு எப்போது முடியும்? எல்லாக் குடும்பமும் அதே நாட்களைத்தான் கேட்கும். அந்த நாட்களுக்குப் பாயின்ட்டும் அதிகம், அறையும் மாதக்கணக்கில் முன்கூட்டியே தீர்ந்துவிடும். குடும்பப் பயணத்துக்கு என்று சொல்லி விற்கிற பொருள், பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் முழுசாகப் பயன்படும்போல.

மற்ற ஒப்பீடுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். அறையின் தரத்தில் ரிசார்ட் ஜெயிக்கிறது. அண்ணனின் பாயின்ட்டில் நாங்கள் இரண்டு முறை தங்கியிருக்கிறோம். ஹால், படுக்கையறை, சின்ன சமையல் மேடை, பிள்ளைகளுக்கு விளையாட்டு என்று குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமியாருக்கு ராத்திரி கஞ்சி வைத்துக் கொடுக்க முடிந்தது, அது பெரிய விஷயம். ஆனால் பாயின்ட்டில் வருவது தங்குமிடம் மட்டும். சாப்பாடு தனி, ஊரைவிட்டுத் தள்ளி இருப்பதால் வெளியே போய்வர டாக்ஸிச் செலவு தனி. ஊர்த் தேர்வில், நாமாக ரூம் போடுவதுதான் ஜெயிக்கும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். சொந்த வண்டியிலோ டாக்ஸியிலோ போகிற வெளியூர்க்காரர்கள், டைம்ஷேர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதை எடுக்க வேண்டியதுதான், இதில் வித்தியாசமில்லை.

சரி, என்னை முடிவெடுக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். வருடாந்திர பராமரிப்புக் கட்டணம்.

அந்த ஹாலில் மூன்று மணி நேரத்தில் இதைப் பற்றிப் பேசியது இரண்டு நிமிடம் இருக்கும். "மெயின்டனன்ஸ்தான் மேடம், அபார்ட்மென்டுக்குக் கட்டுற மாதிரி, ஜி.எஸ்.டி.யோட 18,000 வரும்" என்றார் விற்க வந்திருந்த தம்பி. அபார்ட்மென்ட் என்றால் நம் பெயரில் ஒரு பத்திரம் இருக்கும், நிலத்தில் ஒரு பங்கு இருக்கும், விற்றால் பணம் வரும். இங்கே நாம் வாங்குவது குறிப்பிட்ட காலத்துக்குத் தங்கும் உரிமை மட்டும். கட்டடத்திலும் நிலத்திலும் நமக்குப் பங்கு கிடையாது. 25 வருடம் முடிந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் பராமரிப்புச் செலவு மட்டும் நம்முடையது, போனாலும் போகாவிட்டாலும்.

அண்ணனின் ரசீதுகளை வருட வாரியாக அடுக்கிப் பார்த்தேன். 2011-ல் 9,000 ரூபாய் சொச்சம். இப்போது, 2025-ல், 23,000-ஐத் தாண்டிவிட்டது. வருடத்துக்குச் சராசரியாக 7 சதவீத ஏற்றம். "இன்றைய விலையில் 25 வருட லீவை வாங்கி வைத்துவிடுகிறீர்கள், விலைவாசி உங்களைத் தொடாது" என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறார்கள். விலைவாசி வராமல் இல்லை. கட்டணம் என்ற பெயரில் வருடா வருடம் வருகிறது.

எங்களுக்குச் சொன்ன 18,000-த்தை அதே 7 சதவீதத்தில் ஏற்றிப் பாருங்கள். 25-ஆவது வருடம் கட்ட வேண்டியது 91,000 ரூபாய்க்கு மேல். 25 வருடத்துக்கும் சேர்த்துக் கூட்டினால் 11 லட்சத்து 38 ஆயிரம். கையெழுத்துப் போடும்போது கொடுக்கும் 4 லட்சம் இதில் சேரவில்லை. அந்தப் 4 லட்சத்தைத்தான் எல்லாரும் விலை என்று நினைக்கிறோம், நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

ரூம் வாடகையும் ஏறத்தானே செய்யும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் 25 வருடத்தை விட்டுவிட்டு முதல் வருடத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். 4 லட்சத்தை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் வருடம் 28,000 வட்டி. அதை இழக்கிறோம். கட்டணம் 18,000. ஆக மொத்தம் 46,000. ஏழு இரவும் தங்கினால் ஓர் இரவுக்கு 6,571 ரூபாய். மே மாதம் போய் மூன்று இரவு மட்டும் கிடைத்தால் ஓர் இரவுக்கு 15,333 ரூபாய். வட்டிக்கு வருமான வரி போகும், அதைக் கழித்தால் இந்தத் தொகை கொஞ்சம் குறையும். மறுபக்கம், வங்கியில் போட்ட அசல் நம்மிடமே நிற்கும், டைம்ஷேரில் போனது போனதுதான். அதையும் கணக்கில் சேர்த்தால் டைம்ஷேரின் செலவு இன்னும் கூடும்.

வரியிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பராமரிப்புக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. ஹோட்டல் அறைக்கு, ஓர் இரவு வாடகை 7,500 ரூபாய்க்குள் இருந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். முன்பு 12 ஆக இருந்தது. நம்மைப் போன்றவர்கள் எடுக்கும் அறைகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வந்துவிடும்.

கட்டணத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது பணத்தொகை அல்ல. அண்ணன் வீட்டில் 2017-ல் பெரியவனுக்குப் பத்தாம் வகுப்பு. அடுத்த வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து எட்டு மாதம் படுக்கை. 2019-ல் பெரியவனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. மூன்று வருடம் யாரும் எங்கேயும் போகவில்லை. மருத்துவச் செலவுக்குக் கடன் வாங்கியிருந்த அந்த வருடத்திலும் அண்ணி கட்டணத்தைக் கட்டினார். கட்டாவிட்டால் பாக்கி ஏறும், பாக்கி இருந்தால் புக்கிங் தர மாட்டார்கள், ஏற்கெனவே போட்ட பணம் வீணாகும். தள்ளி வைத்த பாயின்ட்டில் ஒரு பகுதி காலாவதியும் ஆனது. கஷ்டமான வருடத்தில் ஒரு குடும்பம் முதலில் நிறுத்துகிற செலவு சுற்றுலாதான். அதை நிறுத்த முடியாத செலவாக மாற்றிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்தச் சமயத்தில் அண்ணன் விற்கவும் பார்த்தார். கேட்டவர்கள் அவர் போட்டதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கேட்டார்கள். வாங்க ஆள் தயாராக இருக்கிறார், பதிவுச் செலவுக்கு முதலில் 15,000 அனுப்புங்கள் என்று போன் செய்தவர்களும் உண்டு. நல்லவேளை, அனுப்பவில்லை. விற்றுத் தருகிறேன் என்று சொல்லி முன்பணம் கேட்பவர்களை நம்பவே நம்பாதீர்கள்.

நாங்கள் செய்தது இதுதான். அந்த மாதமே தபால் நிலையத்தில் மாதம் 4,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. தொடங்கினோம். ஐந்து வருட ஆர்.டி.யை இடையில் எடுக்கச் சிரமம் என்று தெரிந்ததும், அதை அப்படியே விட்டுவிட்டு, பயணத்துக்காக வங்கியில் அதே தொகைக்கு ஒரு வருட ஆர்.டி.யாக இன்னொன்று போட்டோம். வருடம் 48,000. 2023 மே மாதம் ஏற்காட்டில் மூன்று இரவு, இரண்டு அறை, வரியோடு 19,000-க்குள் முடிந்தது. 2024 காலாண்டு லீவுக்கு வயநாட்டில் ரூம் போட்டிருந்தோம். ஜூலை 30 அன்று மேப்பாடிப் பக்கம் அந்த நிலச்சரிவு. இத்தனை உயிர் போன இடத்துக்கு லீவு கழிக்கப் போக மனம் வரவில்லை. இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு எடுத்திருந்ததால் பணம் திரும்பி வந்தது. ராமேஸ்வரம் போனோம், மாமியாருக்கு அது நீண்ட நாள் ஆசை. 2025-ல் ஹம்பி. ஹொசப்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் நான்கு இரவு தங்கினோம். எந்த வருடமும் 48,000 முழுவதும் தங்குமிடத்துக்குப் போகவில்லை. மிச்சத்தில் ரயில் டிக்கெட்டும் சாப்பாடும் அடங்கியது.

இந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. மே மாத ரூம் தேடுவது தலைவலி, படத்தில் பார்த்தது நேரில் இருக்காது. ஏற்காட்டில் ஓர் அறையின் ஹீட்டர் முதல் நாள் வேலை செய்யவில்லை. இன்னொன்று, ஆர்.டி. பணத்தை வேறு செலவுக்கு எடுத்துவிடும் ஆபத்து. டைம்ஷேர் வாங்கியவர்கள் 'கட்டணம் கட்டியாச்சு' என்பதற்காகவே கிளம்பிவிடுகிறார்கள். அப்படி ஒரு உந்துதல் இல்லாமல் வருடக்கணக்கில் எங்கேயும் போகாத குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அந்தக் கட்டாயத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. எங்கள் அனுபவமும் மூன்று வருடம்தான், 25 வருடம் அல்ல. வெளிநாட்டு ரிசார்ட்டுகளோடு மாற்றிக்கொள்ளும் ஆர்.சி.ஐ. வசதியை அண்ணனும் பயன்படுத்தவில்லை, நாங்களும் இல்லை. தாய்லாந்து, மலேசியா என்று அடிக்கடி போகிறவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம்.

வாங்கத்தான் போகிறேன் என்பவர்கள், வாயால் சொல்லும் ஒவ்வொரு வாக்கையும் ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். கட்டணம் வருடத்துக்கு எவ்வளவு ஏறலாம், அதற்கு மேல்வரம்பு உண்டா, பாயின்ட் அட்டவணையை மாற்றும் உரிமை யாருக்கு என்ற மூன்றையும் முதலில் தேடுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு மனம் சஞ்சலப்பட்டால், ரத்து செய்ய எத்தனை நாள் அவகாசம் என்று ஒப்பந்தத்தில் பார்த்து, அதற்குள் மின்னஞ்சலில் எழுத்துமூலம் அனுப்பிவிடுங்கள், போனில் சொல்வது போதாது. தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

அண்ணனிடம் இப்போது என்ன செய்யச் சொன்னேன் தெரியுமா? வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் 2011-ல் போட்ட பணம் திரும்பி வரப்போவதில்லை, அதைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட வேண்டியதுதான். மிஞ்சுவது கட்டணம் மட்டும். 23,000-த்தை ஏழு இரவுக்குப் பிரித்தால் சுமார் 3,300 ரூபாய். சமையல் மேடையோடு அப்படி ஓர் அறை அந்த விலைக்கு வெளியே கிடைக்காது. அடுத்த வருடம் அவர் ரிட்டயர் ஆகிறார், இனிமேல் ஜூலையில் போகலாம், ஏழு இரவும் கிடைக்கும். ஒவ்வொரு ஏப்ரலிலும் புது ரசீது வந்ததும் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வெளி வாடகையை அது தாண்டுகிற வருடம், இன்னும் எத்தனை வருடம் பாக்கி இருந்தாலும், ஒப்பந்தப்படி விலக என்ன வழி என்று உட்கார்ந்து பார்ப்போம் என்று பேசி வைத்திருக்கிறோம்.