ஸ்பேஸ்: 1999 ப்ளூரே: அந்த மினியேச்சர்களுக்கு இப்போதுதான் சரியான திரை கிடைத்திருக்கிறது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஸ்பேஸ்: 1999 முதல் சீசனை ப்ளூரேயில் பார்க்காதவர்கள் அந்தத் தொடரை இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை. மங்கலான ஒளிபரப்பிலோ, தேய்ந்த விஎச்எஸ் டேப்பிலோ பார்த்துவிட்டு, ரொம்ப மெதுவாகப் போகிறது, அறிவியலும் தப்பு என்று மூடி வைத்தவர்கள் நிறையப் பேர். மெதுவாகத்தான் போகும், அறிவியலும் பல இடங்களில் இடிக்கும், இரண்டையும் மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தொடரின் உயிரே படத்தில்தான் இருந்தது, அந்தப் படம் அன்றைய டிவி பெட்டியில் யார் கண்ணுக்கும் சரியாகத் தெரியவே இல்லை.

தெரியாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். 1975 முதல் 1977 வரை வந்த பிரிட்டிஷ் தொடர், இரண்டு சீசன், சீசனுக்கு 24 வீதம் மொத்தம் 48 எபிசோட். பொம்மைகளை வைத்து தண்டர்பேர்ட்ஸ் எடுத்த ஜெர்ரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் தம்பதியின் தயாரிப்பு. நிலவில் மூன்பேஸ் ஆல்ஃபா என்று ஒரு தளம், அதில் 311 பேர். பூமியின் அணுக்கழிவையெல்லாம் நிலவில் கொண்டுபோய்க் கொட்டி வைத்திருக்கிறார்கள். 1999 செப்டம்பர் 13 அன்று அது வெடிக்கிறது, வெடித்த வேகத்தில் நிலவு சுற்றுப்பாதையை விட்டே பிய்த்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது. இனி அவர்கள் திரும்ப வழியில்லை.

இதில் இயற்பியல் எவ்வளவு உதைக்கும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நிலவையே நகர்த்தும் அளவுக்கு ஒரு வெடிப்பு நடந்தால் நிலவு துண்டு துண்டாகியிருக்கும். அப்படியே தப்பித்துக் கிளம்பினாலும், மிக அருகிலிருக்கும் நட்சத்திரமே 4 ஒளியாண்டுக்கு மேல் தள்ளி இருக்கும்போது, வாரம் ஒரு புதுக் கோளை எப்படிக் கடக்க முடியும்? அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் அப்போதே இதையெல்லாம் சொல்லி விமர்சித்தார். அவர் சொன்னது சரிதான். என்னைக் கேட்டால், அந்த முதல் வெடிப்பை ஒரு புராணக் கதையின் தொடக்கம் மாதிரி எடுத்துக்கொண்டு மேலே போய்விட வேண்டும். அதற்கப்புறம் நடப்பதெல்லாம் ஊரை இழந்து திசையும் தெரியாமல் போகிற மனிதர்களின் கதை.

சரி, படத்துக்கு வருவோம். பைன்வுட் ஸ்டூடியோவில் 35 மிமீ ஃபிலிமில் எடுத்த தொடர் இது. வீடியோ டேப்பில் எடுத்திருந்தால் இன்று என்ன முயன்றாலும் இந்தத் தெளிவு வந்திருக்காது. ஃபிலிம் என்பதால் அன்றைய டிவியில் தெரிந்ததைவிடப் பல மடங்கு விவரம் நெகட்டிவிலேயே பத்திரமாக இருந்திருக்கிறது, அதைத்தான் இப்போது எச்டியில் வெளியே எடுத்திருக்கிறார்கள். இதில் விண்வெளிக் காட்சிகள் தனி ரகம், அதற்கு ஒரு காரணம் உண்டு.

பொதுவாக அந்தக் காலத்தில் ஒரு விண்கலத்தையும் பின்னணி நட்சத்திரங்களையும் தனித்தனியாக எடுத்து, ஆப்டிகல் பிரின்டர் என்ற கருவியில் ஒன்றாகச் சேர்ப்பார்கள். அப்படி ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் படம் கொஞ்சம் தளர்ந்துபோகும், புள்ளி புள்ளியாகத் தெரியும். அக்காலத் தொடர்கள் பலவற்றை ப்ளூரேயில் பார்த்தால், நடிகர்கள் வரும் காட்சி பளிச்சென்று இருக்கும், விண்கலம் வந்ததும் சட்டென்று மங்கிவிடும். இந்தத் தொடரின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் பொறுப்பாளர் பிரையன் ஜான்சனும் பிரே ஸ்டூடியோவில் இருந்த அவருடைய குழுவும் முடிந்தவரை அந்த வழிக்கே போகவில்லை. கேமராவுக்குள்ளேயே ஃபிலிமைப் பின்னால் சுற்றி, அதே நெகட்டிவ் மேல் மறுபடி மறுபடி எடுத்தார்கள். முதலில் கலம், அப்புறம் நட்சத்திரம், அப்புறம் கோள். நடுவில் ஒரு தப்பு நடந்தால் அதுவரை எடுத்தது அத்தனையும் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாரத் தொடர் ஒன்றுக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள்! அதன் பலன் சுமார் அரை நூற்றாண்டு கழித்து நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது, விண்வெளிக் காட்சியும் நடிகர் காட்சியும் ஒரே தெளிவில். இந்த ஜான்சன் அதற்கு முன் 2001: எ ஸ்பேஸ் ஒடிசியில் வேலை பார்த்தவர், பின்னால் ஏலியனுக்கும் தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்குக்கும் போனவர். அந்தக் கையின் தரம் இங்கேயே தெரிகிறது.

ஆல்ஃபா ஆட்கள் போக்குவரத்துக்குப் பயன்படுத்தும் ஈகிள் கலத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். விமானம் மாதிரி வழவழப்பாக இல்லாமல், முன்னால் ஒரு கூம்பு அறை, பின்னால் எஞ்சின்கள், நடுவில் வெறும் இரும்புச் சட்டம், அதற்குள் தேவைக்கேற்ப மாட்டிக் கழற்றும் பெட்டி. ஆள் ஏற்ற ஒரு பெட்டி, சரக்குக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று. காற்றில்லாத இடத்தில் பறக்கும் வண்டிக்கு வழவழப்பு எதற்கு என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். மாடல்களைப் பல அளவுகளில் செய்தார்கள், பெரியது 44 அங்குலம். அந்தப் பெரிய மாடல் தரையிறங்கும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், கால்களில் உள்ள ஸ்பிரிங் அமுங்கி, கனமான ஒன்று உட்கார்வது மாதிரி ஒரு சின்னத் தாழ்வு வரும். அடியிலிருந்து தூசி சீறும். பெயின்ட் உரிந்த இடம், புகைக் கறை, தகடுகளின் இணைப்பு எல்லாம் இப்போது தெரிகிறது. இத்தனை வருடம் அது இருந்ததே எனக்குத் தெரியாது, கண் கலங்கிவிட்டது.

தெளிவு கூடினால் ஒட்டும் தெரியும் என்பதும் உண்மை. சில இடங்களில் மாடலைத் தாங்கும் கம்பி தெரிகிறது, வேற்றுக் கோள்களின் பின்னணி வெறும் ஓவியத் திரை என்பது மூலையில் பார்த்தால் புரிந்துவிடும். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணினி வைத்து அழிக்காமல் விட்டதே நல்லது, எடுத்தவர்களின் கை வேலை அப்படியே இருக்கிறது. படமும் பழைய 4:3 சதுர வாட்டத்திலேயே வருகிறது. அகலத் திரைக்காகத் தலையையும் காலையும் வெட்டும் அநியாயம் நடக்கவில்லை.

செட் வேலையும் அப்படித்தான். மெயின் மிஷன் என்ற அந்தப் பெரிய கட்டுப்பாட்டு அறை, மாடி, உயர ஜன்னல்கள், வெளியே நிலவுத் தரை. எல்லாம் வெள்ளை. ரூடி கெர்ன்ரைக் வடிவமைத்த சீருடை வெளிர் நிறத்தில் ஒரே மாதிரி இருக்கும், இடது கை மட்டும் அவரவர் பிரிவுக்கு ஒரு நிறம். கதவு திறப்பதிலிருந்து முகம் பார்த்துப் பேசுவது வரை எல்லாவற்றுக்கும் இடுப்பில் மாட்டிய காம்லாக் என்ற கருவிதான், அதில் சின்ன டிவித் திரை ஒன்று ஒளிரும். அதே தளத்தின் கணினி பதில் சொல்வதோ காகிதச் சுருளில் அச்சடித்து! எழுபதுகளில் இருந்தவர்களுக்கு எதிர்காலத்தில் எது மாறும், எது மாறாது என்று தோன்றியது என்பதை இந்த ஒரு செட்டிலேயே பார்த்துவிடலாம்.

கதைகளில் ஏற்ற இறக்கம் உண்டு. ஆல்ஃபா ஆட்கள் குகை மனிதர்களாகிவிடும் 'தி ஃபுல் சர்க்கிள்' எனக்கு ஒட்டவே இல்லை. ஆனால் 'பிளாக் சன்' எபிசோடுக்காக மட்டுமே இந்த டிஸ்க்குகளை வாங்கலாம் என்பேன். நிலவு கருந்துளை மாதிரியான ஒரு கருஞ்சூரியனுக்குள் விழப்போகிறது. ஆறு பேரை மட்டும் ஒரு ஈகிளில் ஏற்றி அனுப்பிவிட்டு மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். சாகப்போகிறோம் என்று தெரிந்தும் யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. ஒருவர் கிட்டார் வாசிக்கிறார். கமாண்டர் கோனிக்கும் பேராசிரியர் பெர்க்மனும் பிராந்திக் கோப்பையோடு உட்கார்ந்து, இதுவரை நாம் பிழைத்ததெல்லாம் தற்செயலா, பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று பேசுகிறார்கள். இன்றைக்கு ஒரு தொடரில் இந்தக் காட்சிக்கு இவ்வளவு நேரம் கொடுக்க விடுவார்களா என்றே சந்தேகம்.

அடுத்து 'டிராகன்ஸ் டொமைன்'. பழைய விண்கலங்கள் கைவிடப்பட்டு மிதக்கும் ஓர் இடம், அங்கே பல கைகளோடு ஒற்றைக் கண் ஒளிரும் ஒரு ஜந்து. எந்தக் கருவியிலும் அது பதிவாகாது. தன்னோடு வந்தவர்களை அது விழுங்கி எரிந்த கட்டையாகத் துப்பியதைப் பார்த்துத் தப்பி வந்தவன் டோனி செல்லினி. அவன் சொன்னதைப் பூமியில் ஒருவரும் நம்பவில்லை. வருடங்கள் கழித்து நிலவு அதே இடத்தை நெருங்குகிறது. ஜந்து பயமுறுத்தும், சரி, ஆனால் மனதைப் பிசைவது நம்பப்படாத அந்த மனிதனின் நிலைதான். எல்லா ஓட்டத்துக்கும் நடுவில் பழைய இத்தாலிய இசையமைப்பாளர் அல்பினோனியின் பெயரில் வழங்கும் அடாஜியோ இசையை வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லறை மாதிரியான கலக்கூட்டம் எச்டியில் தனித்தனி வடிவங்களாகத் தெரியும்போது உடம்பு சிலிர்க்கிறது. 'ஃபோர்ஸ் ஆஃப் லைஃப்' எபிசோடில் இளவயது இயன் மெக்ஷேன் வருகிறார், சூட்டை உறிஞ்சி உயிரைக் குடிக்கும் ஒரு சக்தி பிடித்த ஆளாக. கோணலான அகல லென்ஸ் காட்சிகளுக்காகவே அதைப் பார்க்கலாம். கிறிஸ்டோபர் லீ, பீட்டர் குஷிங், ஜோன் காலின்ஸ் எல்லாம் வந்து போகிறார்கள்.

நடிப்பைப் பற்றி. கமாண்டர் கோனிக் வேடத்தில் வரும் மார்ட்டின் லாண்டாவும் தளத்தின் மருத்துவராக வரும் பார்பரா பெய்னும் அப்போது நிஜ வாழ்விலும் கணவன் மனைவி, மிஷன்: இம்பாசிபிள் தொடரிலிருந்து வந்தவர்கள். பெய்ன் உணர்ச்சி காட்டவில்லை என்று பழைய புகார். பெரிய, தெளிவான படத்தில் பார்த்தபோது அது எனக்குச் சரியாகப் படவில்லை, அவர் கண்ணில் நிறைய நடக்கிறது, சின்னத் திரையில் அது காணாமல் போயிருக்கிறது. ஆனாலும் தொடரின் இதயம் பேரி மோர்ஸ் நடித்த பெர்க்மன்தான். அறிவியலாளர் என்றால் எல்லாம் தெரிந்தவர் என்று காட்டாமல், தெரியாததைப் பார்த்து வியக்கத் தெரிந்தவராகக் காட்டியிருக்கிறார்.

இரண்டாவது சீசனுக்கு வந்தால் அந்த பெர்க்மனே இல்லை. எங்கே போனார் என்று தொடருக்குள் ஒரு வார்த்தையும் இல்லை. ஆண்டர்சன் தம்பதி பிரிந்து சில்வியா விலகிவிட்டார், ஸ்டார் ட்ரெக்கின் மூன்றாம் சீசனைத் தயாரித்த ஃப்ரெட் ஃப்ரைபெர்கர் உள்ளே வந்தார். வெள்ளை மெயின் மிஷன் போய் நெருக்கமான நிலத்தடி அறை, பேரி கிரேயின் இசை போய் டெரெக் வாட்ஸ்வொர்த்தின் துள்ளலான இசை, மர்மம் போய் ரப்பர் உடையில் பூதங்கள். செடிகள் மனிதர்களுக்குத் தண்டனை கொடுக்கும் 'தி ரூல்ஸ் ஆஃப் லூட்டன்' வரை போய்விட்டது. உருமாறும் மாயாவாக வரும் கேத்தரின் ஷெல் மட்டும் பெரிய ஆறுதல், எழுத்து கைவிட்ட இடத்திலும் அவர் அந்தப் பாத்திரத்துக்கு உயிர் கொடுக்கிறார். ஜானி பர்ன் எழுதிய 'தி மெட்டமார்ஃப்', 'தி இம்யூனிட்டி சிண்ட்ரோம்' இரண்டும், அப்புறம் இரண்டு பாகமாக வரும் 'தி பிரிங்கர்ஸ் ஆஃப் வொண்டர்', இவற்றைப் பாருங்கள். மற்றவை உங்கள் பொறுமையைப் பொறுத்தது. படத் தரத்தில் இந்த சீசனும் குறையில்லை.

வாங்குவதைப் பற்றி. பிரிட்டனில் நெட்வொர்க் நிறுவனம் முதல் சீசனை 2010லும் இரண்டாவதை 2015லும் ப்ளூரேயில் கொண்டுவந்தது. அந்த நிறுவனம் 2023ல் மூடப்பட்டுவிட்டதால் அவற்றைப் பழைய பிரதிகளாகத்தான் தேட வேண்டும். அமெரிக்காவில் ஷவுட் ஃபேக்டரி 2019ல் 48 எபிசோடையும் ஒரே பெட்டியில் வெளியிட்டது. எதை வாங்கினாலும் முதலில் அந்த டிஸ்க் எந்தப் பகுதியின் பிளேயர்களில் ஓடும் என்று காட்டும் ரீஜன் கோட் என்ன என்று பாருங்கள், உங்கள் பிளேயர் அதை எடுக்காது என்றால் அத்தனை பணமும் தண்டம். பணம் ஒரு சீசனுக்குத்தான் இருக்கிறது என்றால் தயங்காமல் முதல் சீசன்.

ஒலிக்கு, அறையைச் சுற்றி ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் 5.1 கலவையும் உண்டு, ஆனால் நான் ஒரே தடத்தில் வரும் பழைய மோனோவையே போடுவேன். புதிய கலவையில் எஞ்சின் சத்தம் அறையைச் சுற்றி ஓடுவது முதலில் நன்றாக இருக்கும். ஆனால் மோனோவில் அந்த கிட்டார் அதிரும் தொடக்க இசையும், வெடிப்புக்கு முன்னால் வரும் அமைதியும் எடுத்தவர்கள் நினைத்த அளவில் வருகிறது. தொடக்க இசையைத் தாண்டிவிடாமல் பாருங்கள், முதல் சீசனில் அன்றைய எபிசோடின் காட்சிகளை அந்தத் தாளத்துக்கு வெட்டிச் சேர்த்திருப்பதால் ஒவ்வொரு முறையும் அது வேறு.