பெருவீக்கமா, சுருங்கி விரிந்ததா? முதல் கணத்துக்கு இரண்டு விடைகள்

பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டு என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை. முதல் நொடியின் மிகச் சிறிய துணுக்கில் என்ன நடந்தது என்பதில்தான் சண்டை. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைக் காலத்தில் பின்னோக்கி ஓட்டினால், அடர்த்தி முடிவிலியில் போய் முட்டுகிறது. இதற்கு அடித்தளமான சமன்பாட்டை 1955-இல் வெளியிட்டவர் கல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌதுரி. பென்ரோஸும் ஹாக்கிங்கும் இந்த முட்டலைப் பற்றிய தங்கள் தேற்றங்களை அதன்மேல்தான் கட்டினார்கள். விடை முடிவிலி என்று வந்தால், அந்த இடத்தில் நம் கணக்கு செல்லாது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். தொடக்கத்திலிருந்து, ஒரு நொடியைப் பத்தால் 43 முறை வகுத்தால் வரும் நேரம்தான் அந்த எல்லை. அங்கே ஈர்ப்பையும் குவாண்டத்தையும் சேர்த்துச் சொல்லும், சோதனையில் தேறிய கோட்பாடு நம்மிடம் இல்லை.

அந்த எல்லையை ஒட்டி இரண்டு கட்சிகள். இரண்டும் தீர்க்க வந்த புதிர் ஒன்றே. வானத்தின் எந்தப் பக்கம் பார்த்தாலும், இளம் பிரபஞ்சத்திலிருந்து இன்றும் வந்துகொண்டிருக்கும் பழைய ஒளியான பின்னணி நுண்ணலையின் வெப்பநிலை 2.7 கெல்வின், வித்தியாசம் லட்சத்தில் ஒரு பங்குதான். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத பகுதிகள் எப்படி இவ்வளவு ஒத்துப்போயின?

எல்லாம் ஒரு சிறு புள்ளியாகச் சேர்ந்திருந்து, கண நேரத்தில் அசுர வேகத்தில் விரிந்தது என்கிறது ஆலன் கூத் 1981-இல் முன்வைத்த பெருவீக்கம். இயற்பியலாளர்கள் பால் ஸ்டைன்ஹார்டும் நீல் டூராக்கும் சொல்வது வேறு: முன்னால் இருந்த பிரபஞ்சம் மெல்லச் சுருங்கி, மறுபடி விரிந்தது; ஒத்துப்போக வேண்டிய அவகாசம் சுருங்கும்போதே கிடைத்துவிட்டது. இதில் ஒரு விசேஷம், பெருவீக்கத்தை வளர்த்தவர்களில் ஸ்டைன்ஹார்டும் ஒருவர்.

வானம் தரும் சான்றில் பெருவீக்கம்தான் முன்னே நிற்கிறது. பின்னணி ஒளியின் ஏற்ற இறக்கங்கள் பெரிய அளவுகளில் கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்று 1980-களிலேயே கணக்கிட்டார்கள். பிளாங்க் விண்கலம் அப்படியே அளந்து காட்டியது. சுருங்கி விரியும் கோட்பாட்டிலும் இதைக் கொண்டுவரலாம், ஆனால் முதலில் சொன்னவர்கள் பெருவீக்கக்காரர்கள்.

அப்புறம் ஈர்ப்பலைகள், அதாவது வெளியிலும் காலத்திலும் பரவும் அதிர்வுகள். இங்கேதான் இரண்டும் நேராக மோதுகின்றன. பெருவீக்கத்தில் அவை பின்னணி ஒளியில் ஒரு சுழல் தடத்தை விட்டிருக்கலாம். மற்றதில் நம்மால் பார்க்கக்கூடிய அளவில் அது இருக்காது. 2014 மார்ச்சில், தென்துருவத்திலிருந்த பைசெப்2 தொலைநோக்கியின் குழு அந்தத் தடத்தைக் கண்டதாக அறிவித்தது. ஆர் என்ற எண்ணால் அளக்கப்படும் அதன் வலு 0.2 என்றார்கள். பெருவீக்கத்தை வளர்த்த இன்னொருவரான ஆந்திரே லிண்டேயின் வீட்டு வாசலுக்கே போய்ச் செய்தி சொன்னார் குழுவின் விஞ்ஞானி ஒருவர். அடுத்த ஆண்டு பிளாங்க் தரவோடு சேர்த்துப் பார்த்தபோது, நம் பால்வீதியின் தூசியே அந்தத் தடத்தைப் போட்டிருக்க முடியும் என்று தெரிந்தது. 2021-இல் ஆர்-க்கு வந்த உச்ச வரம்பு 0.036.

என் கணக்கில், துணிச்சலான கட்சி சுருங்கி விரிவதுதான். தடம் கிடைத்துவிட்டால் அந்தக் கோட்பாடு அன்றோடு சரி. கிடைக்காவிட்டால் பெருவீக்கத்தின் எளிய வடிவங்கள் மட்டும் விழும், மற்றவை தப்பித்துக்கொள்ளும். இது எனக்கு உறுத்துகிறது. அதேசமயம், சுருக்கம் விரிவாகத் திரும்பும் அந்தக் கணத்துக்கான இயற்பியலும் இன்னும் உறுதியாகவில்லை.

பெருவீக்கத்தின் ஒரு வடிவமான, ரஷ்ய இயற்பியலாளர் ஸ்டாரோபின்ஸ்கியின் 1980 மாதிரி, ஆர்-க்கு 0.004-ஐ ஒட்டி ஒரு மதிப்பைச் சொல்கிறது. சிலியின் அடகாமா பாலைவனத்தில் சைமன்ஸ் ஆய்வகமும் இந்தத் தடத்தைத்தான் தேடுகிறது. 0.001 வரை இறங்கித் தேடியும் ஒன்றும் அகப்படாவிட்டால், நான் பெருவீக்கத்தை முதலிடத்தில் வைக்க மாட்டேன்.