ஹங்காமா, டிஸ்னி, நிக்: ஒரே வீட்டுக்குள் வந்துவிட்ட குழந்தைகள் சேனல்கள் எப்படி இருக்கின்றன?

வீட்டில் பள்ளிக்குப் போகும் குழந்தை இருந்தால், ரிலையன்ஸும் டிஸ்னியும் கூட்டாக நடத்தும் ஜியோஸ்டாரின் குழந்தைகள் சேனல்களைப் பேக்கேஜில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். பணம் கட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் சோதித்துவிடுங்கள். உங்கள் செட்டாப் பாக்ஸில் அந்தச் சேனல்களுக்குத் தமிழ் ஒலி வருகிறதா? வராவிட்டால் கொடுக்கும் காசில் பாதி வீண். கும்பகோணத்தில் கேபிள் தொழில் நடத்தி, அதை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, இப்போது பேரனோடும் பேத்தியோடும் உட்கார்ந்து இவற்றைப் பார்ப்பவன் நான்.

முதலில் இந்தச் சேனல்கள் யாருடையவை என்று தெரிந்துகொள்வது நல்லது. சேனலின் பெயரும் நிகழ்ச்சியும் திடீர் திடீரென்று ஏன் மாறுகின்றன என்று பெற்றோர்கள் கேபிள்காரரைத்தான் பிடித்துத் திட்டுகிறார்கள். அவர் கையில் ஒன்றும் இல்லை. சூப்பர் ஹங்காமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பரில் டிஸ்னி இந்தியாவுக்கு வந்தபோது அது டூன் டிஸ்னி. 2009 நவம்பர் 14 அன்று டிஸ்னி எக்ஸ்டி ஆனது. 2019 ஜனவரியில் மார்வெல் எச்க்யூ. 2022 மார்ச்சிலிருந்து சூப்பர் ஹங்காமா. பதினெட்டு ஆண்டுகளுக்குள் நான்கு பெயர்கள்! ஒவ்வொரு முறையும் குழந்தைக்குப் பிடித்துப்போன ஏதாவது ஒரு தொடர் காணாமல் போகும், நமக்குத் தொலைபேசி அழைப்புகள் குவியும்.

ஹங்காமாவின் கதை இன்னும் சுவையானது. திரைப்படத் தயாரிப்பாளர் ரோனி ஸ்க்ரூவாலாவின் யூடிவி நிறுவனம் 2004இல் தொடங்கிய உள்நாட்டுச் சேனல் அது. ஜப்பானியக் கார்ட்டூன்களை வாங்கி, நம் மொழிகளில் பேசவைத்து, இரண்டே ஆண்டுகளில் வெளிநாட்டுப் பெரிய சேனல்களுக்குச் சவாலாக வளர்ந்தது. போட்டி போட்டுப் பார்த்த டிஸ்னி, 2006இல் சுமார் 3 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கிவிட்டது. பிறகு 2012இல் யூடிவியே டிஸ்னி கைக்குப் போனது. 2019இல் ஃபாக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஸ்டார் குழுமமும் டிஸ்னியிடம் வந்தது. மறுபக்கம் 1999இல் இந்தியாவுக்கு வந்த நிக்கலோடியன், சுருக்கமாக நிக், 2007க்குப் பிறகு வயாகாம்18 என்ற கூட்டு நிறுவனத்தின் கீழ் இருந்தது. அதில் ரிலையன்ஸின் பங்கு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் 2024 நவம்பர் 14 அன்று, அதுவும் குழந்தைகள் தினத்தில், இரண்டு தரப்பும் இணைந்து ஜியோஸ்டார் ஆயின. அந்த இணைப்பின் மதிப்பு 70,352 கோடி ரூபாய். இத்தனை காலம் நேருக்கு நேர் மோதிக்கொண்டிருந்த நிக், அதன் துணைச் சேனல் சோனிக், ஹங்காமா, டிஸ்னி எல்லாம் இன்று ஒரே முதலாளியிடம் இருக்கின்றன.

இது பார்வையாளருக்கு நல்லதா? போட்டி இருந்த காலத்தில்தான் நமக்குத் தமிழ் கிடைத்தது என்பதை நான் கண்ணால் பார்த்தவன். டிஸ்னி வந்த புதிதிலேயே தமிழையும் தெலுங்கையும் கையில் வைத்துக்கொண்டுதான் வந்தது. சன் குழுமம் 2007இல் சுட்டி டிவியைத் தொடங்கி, முழுக்கத் தமிழிலேயே ஒரு குழந்தைகள் சேனலை நடத்த முடியும் என்று காட்டியது. நிக்கலோடியனின் சொந்தப் பிள்ளையான டோரா தமிழ்நாட்டு வீடுகளில் புகழ் பெற்றதே சுட்டி டிவியில் தமிழ் பேசித்தான். அந்த வெற்றியைப் பார்த்த பிறகு எந்தச் சேனலும் தமிழைக் கைவிடத் துணியாது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். இனி ஒரே நிறுவனத்துக்குள் கணக்குப் பார்க்கும்போது மொழிமாற்றச் செலவுதான் முதலில் கண்ணில் படுமோ என்ற கவலை எனக்கு உண்டு.

அந்தத் தமிழ் ஒலி எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இந்தச் சேனல்களில் படம் ஒன்றுதான். அதனோடு இந்தி, தமிழ், தெலுங்கு என்று பல ஒலித்தடங்கள் சேர்ந்து வருகின்றன. செட்டாப் பாக்ஸ் வருவதற்கு முந்தைய காலத்தில், எங்கள் கண்ட்ரோல் ரூமில் சேனலுக்கு ஒரு டிகோடர் வரிசையாக அடுக்கியிருக்கும். அதன் மெனுவில் நான் எந்த மொழியைத் தேர்ந்தெடுக்கிறேனோ அதுதான் ஊர் முழுவதற்கும். நான் தமிழை வைத்தேன். ஆங்கிலம் வைத்தால் பிள்ளை ஆங்கிலம் கற்றுக்கொள்ளுமே என்று கேட்ட பெற்றோர்களும் இருந்தார்கள். நான் மாற்றவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் குழந்தை சிரிக்க வேண்டும், அதற்குத் தாய்மொழிதான் வேண்டும் என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது அந்தத் தேர்வு உங்கள் கையில் இருக்கிறது. ரிமோட்டில் 'ஆடியோ' அல்லது 'லாங்' என்ற பொத்தானை அழுத்தினால் மொழிப் பட்டியல் வரும். ஆனால் சிக்னல் தரும் நிறுவனம் எல்லாத் தடங்களையும் அனுப்பினால்தான் அது வரும். எங்கள் ஊருக்குச் சிக்னல் தரும் நிறுவனம் ஒரு சேனலுக்குத் தமிழை விட்டுவிட்டு இந்தியை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. என் மகன் விடாமல் கேட்டுத்தான் வாங்கினான். நீங்களும் கேளுங்கள். சந்தா கட்டுகிறவர் கேட்டால் மதிப்பு அதிகம்.

இனி நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன். என் வாக்கு ஹங்காமாவுக்கே. அதில் வரும் ஜப்பானியக் கார்ட்டூன் பையன் ஷின்சானின் தமிழ்க் குரலைக் கேட்டுப் பாருங்கள். வாயசைவுக்காகச் சொற்களை இழுக்காமல், நம் வீட்டு வாண்டு பேசுவதுபோலவே இருக்கிறது. அம்மா கத்துவதும், அவன் சம்பந்தமே இல்லாமல் பதில் சொல்லி நழுவுவதும் அப்படியே நம் ஊர்ப் பேச்சு. என் பேத்தி வசனத்தை முந்திக்கொண்டு சொல்கிறாள். அதே நேரத்தில் எச்சரிக்கையும் வேண்டும். ஜப்பானில் அது முதலில் பெரியவர்களுக்கான சித்திரக்கதை இதழில் வந்த தொடர். 2008இல் பெற்றோரின் புகார்களால் இங்கே தடை செய்யப்பட்டு, பிறகு வெட்டுகளோடு திரும்பி வந்தது. இப்போது வருவது பெரும்பாலும் பரவாயில்லை. ஆனாலும் ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் கூட உட்கார்ந்து பாருங்கள்.

நிக்கில் மோட்டு பட்லு என்ற தொடர் நன்றாக ஓடுகிறது. 2012இல் தொடங்கியது, லோட்பாட் என்ற இந்திப் பத்திரிகையின் சித்திரக்கதையிலிருந்து வந்தது. என் பேரனுக்கு உயிர். எனக்குச் சலிப்பு. ஓடுவதும் அடிப்பதும் சமோசா தின்பதுமே திரும்பத் திரும்ப வருகிறது, தமிழ் வசனமும் அவசரத்தில் எழுதியதுபோல் இருக்கிறது. சோனிக் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

மழலைகளுக்கான பகுதிதான் ஏமாற்றம். எண், எழுத்து, நிறம் என்று பொறுமையாகச் சொல்லித்தரும் நிகழ்ச்சிகளில் பாட்டு மட்டும் தமிழில் ஒட்டாமல் தனியாக நிற்கிறது. மெட்டு அங்கே, சொல் இங்கே. விளம்பரங்களிலும் பல இந்தியிலேயே வருகின்றன. நம் குழந்தை பார்க்கும் நேரத்தில் நம் மொழியில் விளம்பரம் செய்யக்கூட ஆள் இல்லையா என்று ஆத்திரமாக வருகிறது.

இன்னொரு குறை பெரியது. இத்தனை சேனல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும், தமிழ்நாட்டில் பிறந்த ஒரு கதாபாத்திரத்தை என் பேத்தியிடம் காட்ட முடியவில்லை. வாய்க்காலும் தேரும் கோயில் யானையும் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. கார்ட்டூனில்தான் இல்லை. எழுபதாயிரம் கோடி மதிப்புள்ள நிறுவனத்துக்கு ஒரு தமிழ்த் தொடர் எடுப்பது பாரமாக இருக்காது.

என் மகனிடம் சொல்லியிருப்பது இதுதான்: குழந்தை உள்ள வீட்டுக்குப் போனால் ஹங்காமாவைப் போடு, ரிமோட்டை வாங்கித் தமிழுக்கு மாற்றிக் காட்டு, பிடித்தால் மட்டும் சேர்க்கச் சொல். நிக்கை அவர்கள் கேட்டால் கொடு. மழலைகள் சேனலை நீயாகத் தலையில் கட்டாதே.