பாதி விலை லவுஞ்ச் பாஸ்: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

விமான நிலைய லவுஞ்சுக்குள் (வசதியான காத்திருப்பு அறைக்குள்) போக "பாதி விலையில் பாஸ்" என்று இணையத்தில் யாராவது விற்றால் வாங்காதீர்கள். அது பெரும்பாலும் பாஸே இல்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய லவுஞ்ச் உறுப்பினர் அட்டையின் கியூஆர் படம். எனக்குக் காசு போனது மட்டுமில்லை, வாசலில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டதுதான் இன்னும் உறுத்துகிறது.

நானும் அப்பாவும் வெளிநாடு போகும் வழியில் நடுவில் ஒரு விமான நிலையத்தில் ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பாவுக்கு முட்டி வலி. விடிய விடிய இரும்பு நாற்காலியில் உட்கார வைக்க மனசு வரவில்லை. எங்களுடையது எகானமி டிக்கெட், லவுஞ்ச் சலுகை உள்ள கார்டும் இல்லை. காசு கொடுத்தே போய்விடலாம் என்று தேடியபோது ஒரு விற்பனைப் பக்கம் கிடைத்தது. "அனுமதி உறுதி, இரண்டு பேர், எந்த விமானமானாலும் சரி" என்று போட்டிருந்தார்கள். நட்சத்திரங்கள், நன்றி சொல்லும் கருத்துகள், சாய்வு நாற்காலிப் படங்கள் எல்லாம் இருந்தன. வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பினால் இன்னும் தள்ளுபடி என்றும் சொன்னார்கள். அதை மறுத்துவிட்டு கார்டில் கட்டினேன். அந்த ஒன்றுதான் பின்னால் கொஞ்சமாவது கைகொடுத்தது.

கொஞ்ச நேரத்தில் சாட்டில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. நடுவில் கியூஆர். மேலே பெயர் இருக்க வேண்டிய இடம் வெட்டப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டால் "பாதுகாப்புக்காக" என்று பதில். அடுத்த செய்தியில் "உறுதிப்படுத்த போர்டிங் பாஸ் போட்டோ அனுப்புங்கள்" என்றார்கள். நான் அனுப்பவில்லை, நீங்களும் அனுப்பக் கூடாது. போர்டிங் பாஸில் பிஎன்ஆர் எண்ணும் பெயரும் இருக்கும். பிஎன்ஆரும் குடும்பப் பெயரும் கையில் இருந்தால் பல விமான நிறுவனங்களின் தளத்தில் உங்கள் முன்பதிவையே திறந்துவிடலாம். இருக்கையை மாற்றலாம், தொடர்பு எண்ணைப் பார்க்கலாம், சிலவற்றில் பயணத்தை ரத்துகூடச் செய்யலாம். பெயரை மறைத்துவிட்டாலும் ஓரத்தில் இருக்கும் பார்கோடில் இந்த விவரங்கள் அப்படியே இருக்கும்.

லவுஞ்ச் கவுண்டரில் இருந்த பெண் கியூஆரை ஸ்கேன் செய்தார். பீப் சத்தம் கேட்டதும் நான் அப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தே விட்டேன். "சார், ஒரு நிமிஷம்" என்றார். திரையைப் பார்த்தார், என் போர்டிங் பாஸைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"உறுப்பினர் எங்கே?"

"நான்தான் வாங்கினேன்."

"இதில் இருப்பது உங்கள் பெயர் இல்லையே சார்."

கவுண்டரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். அட்டையை அதன் உரிமையாளர் மட்டுமே பயன்படுத்தலாம், விருந்தினர் யாராக இருந்தாலும் அவரோடு சேர்ந்தே வர வேண்டும் என்று அதில் இருந்தது. கோபப்படவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. ஆனால் இந்தக் கியூஆர் என் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. "விடுப்பா, வெளியிலேயே உட்காரலாம்" என்று அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார்.

விற்றவரிடம் கேட்டேன். "ஷிஃப்ட் மாறினதும் திரும்பப் போங்கள்" என்றார். அப்புறம் வந்த யோசனை இன்னும் அருமை: "உறுப்பினர் கழிவறைக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று சொல்லுங்கள்." பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சு மாறியது. கோடு ஸ்கேன் ஆகிவிட்டதாம், அதனால் பயன்படுத்தியதாகக் கணக்காம். அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார்.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் விளங்கியது. ஒரே அட்டையில் பல லவுஞ்சுகளுக்குள் விடும் பிரையாரிட்டி பாஸ், லவுஞ்ச்கீ, டிராகன்பாஸ் போன்ற திட்டங்கள் தங்கள் பட்டியலில் இருக்கும் லவுஞ்சுகளில் பெரும்பாலானவற்றை நடத்துவதில்லை. நடத்துபவர்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. நீங்கள் உள்ளே போனதும் தலைக்கு இவ்வளவு என்று லவுஞ்ச் அந்தத் திட்டத்திடம் வாங்கிக்கொள்ளும். திட்டம் அதை உங்கள் கார்டு கொடுத்த வங்கியிடம் வாங்கும். இலவச எண்ணிக்கை முடிந்திருந்தால் வங்கி உங்கள் தலையில் கட்டும். தாராளமாக விருந்தினர் சலுகை உள்ள அட்டை வைத்திருக்கும் சிலர் அதைப் பிறருக்கு விற்கிறார்கள். சில நேரம் அட்டை விவரமே திருடப்பட்டதாக இருக்கும். அப்படியானால் அந்தக் கியூஆரின் சொந்தக்காரருக்கு அடுத்த மாத பில்லில் தான் போகாத ஊரின் லவுஞ்ச் கட்டணம் வந்து நிற்கும். ஒரே படத்தை எத்தனை பேருக்கு விற்றார்கள் என்பது விற்றவருக்கே வெளிச்சம். மாட்டிக்கொள்வது என்னவோ படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டரில் நிற்பவர்தான்.

இதைவிட மோசமான வகையும் உண்டு: போலிச் செயலி. லவுஞ்ச் பெயரைத் தேடினால் விளம்பரமாக மேலே வரும் ஒரு பக்கம், அதில் ஒரு "வாடிக்கையாளர் சேவை" எண். பேசினால் ஒரு இணைப்பு அனுப்பி ஆப்பை இறக்கச் சொல்வார்கள், திரையைப் பகிரச் சொல்வார்கள், கேமராவில் முகத்தைக் காட்டச் சொல்வார்கள். அந்த ஆப் ஃபோனுக்கு வரும் எஸ்எம்எஸ்களைப் படித்து வேறு எங்கோ அனுப்பும். ஓடிபியை நீங்கள் வாயால் சொல்லவே வேண்டாம், அவர்களுக்குத் தானாகவே போய்விடும். லவுஞ்சுக்குள் போக எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி எந்த ஆப்புக்கும் தேவையில்லை. ஆப் ஸ்டோருக்கு வெளியே இருந்து இறக்கு என்று சொன்ன இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் நேர் வழிகள் இல்லையா? இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கி.

பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுத்தாலே லவுஞ்ச் உண்டு என்பது பழைய கணக்கு. எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ், ஃபின்ஏர் போன்றவை 2019-லிருந்து 2021-க்குள் ஒவ்வொன்றாக, லவுஞ்ச் சேராத மலிவு பிசினஸ் கட்டணங்களைக் கொண்டுவந்தன. இருக்கை அதேதான், லவுஞ்ச் மட்டும் இருக்காது. டிக்கெட் எடுக்கும்போது கட்டண வகையின் பெயரில் "லைட்", "ஸ்பெஷல்" என்று ஏதாவது ஒட்டியிருந்தால் அதில் எது சேர்த்தி, எது இல்லை என்ற அட்டவணையைத் திறந்து பாருங்கள். பாயிண்ட்ஸ் கொடுத்தோ ஏலம் கேட்டோ மேல் வகுப்புக்கு மாறியவர்களும் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அடிக்கடி பறப்பவர்களுக்குக் கூட்டணி அந்தஸ்து இருக்கிறது, அதாவது பல விமான நிறுவனங்கள் சேர்ந்த கூட்டணி கொடுக்கும் உயர்நிலை உறுப்பினர் தகுதி. ஸ்டார் அலையன்ஸ் கோல்டு, ஒன்வேர்ல்டு சஃபையர், எமரால்டு, ஸ்கைடீம் எலைட் பிளஸ் இருந்தால் எகானமியில் போனாலும் ஒரு விருந்தினரோடு லவுஞ்சுக்குள் போகலாம். ஆனால் அன்றைக்கு அதே கூட்டணி விமானத்தில் பறக்க வேண்டும். ஸ்கைடீம் வெளிநாட்டுப் பயணம் என்றால்தான் உள்ளே விடும். அமெரிக்காவில் இன்னொரு வேடிக்கை உண்டு: ஸ்டார் அலையன்ஸில் இருக்கும் யுனைடெட் நிறுவனத்திடமே கோல்டு வாங்கியவருக்கு உள்நாட்டுப் பயணத்தில் அதன் லவுஞ்சான யுனைடெட் கிளப்பின் கதவு திறக்காது. கூட்டணியின் வேறு நிறுவனத்திடம் கோல்டு வாங்கியவர் அதே விமானத்துக்கு ஜாலியாக உள்ளே போவார்.

கார்டு வழிதான் இன்றைக்கு அதிகம் பேர் நம்புவது. கூட்டம் பெருகிப்போனதால் சலுகையும் அதில்தான் வேகமாகச் சுருங்குகிறது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் சென்சூரியன் லவுஞ்சுகளில் விமானம் கிளம்ப மூன்று மணி நேரத்துக்கு முன்னால் போனால் உள்ளே விட மாட்டார்கள் (விமானம் மாறிச் செல்லும் பயணிக்கு விதி வேறு). டெல்டா விமான நிறுவனத்தின் லவுஞ்சான ஸ்கை கிளப்புக்குக் கார்டு மூலம் போகிறவர்களுக்கு 2025 பிப்ரவரியிலிருந்து ஆண்டுக்கு இத்தனை தடவைதான் என்று வரம்பு வந்துவிட்டது. பிளாஸா பிரீமியம் லவுஞ்சுகள் 2021-இல் பிரையாரிட்டி பாஸிலிருந்து விலகியபோது, கையில் செல்லுபடியாகும் அட்டை வைத்திருந்தவர்களையும் அங்கே வாசலில் நிறுத்தினார்கள். ஆக, கார்டு வாங்கிய அன்று படித்த பட்டியலை நம்பிக் கிளம்பக் கூடாது. பயணத்துக்கு முந்தைய நாள் அந்தத் திட்டத்தின் சொந்த ஆப்பில் அந்த லவுஞ்சின் பக்கத்தையே திறந்து படியுங்கள். எத்தனை மணி நேரம் முன்னால் போகலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம், குழந்தைக்கு எந்த வயது வரை கட்டணம் இல்லை என்பதெல்லாம் லவுஞ்சுக்கு லவுஞ்ச் மாறும். விருந்தினர் கட்டணத்தைப் பெரும்பாலும் வாசலில் கேட்க மாட்டார்கள், பில்லில்தான் வரும். அதனால் ஸ்கேன் செய்யுமுன் "இவருக்கு இலவசமா, காசா" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இடமில்லை என்றால் எந்த அட்டையையும் மறுக்கலாம் என்று இந்தத் திட்டங்களின் விதிமுறையிலேயே இருக்கிறது. அதனால் "அனுமதி உறுதி" என்று வெளியாள் ஒருவர் எழுதினால் அந்தச் சொல்லே பொய். லவுஞ்சே கொடுக்காத உறுதியை அவர் எங்கிருந்து கொண்டுவந்து கொடுப்பார்?

காசு கொடுத்துப் போவதென்றால் லவுஞ்ச் நடத்துபவரின் சொந்தத் தளத்திலோ, விமான நிறுவனத்தின் தளத்திலோ, விமான நிலையத்தின் தளத்திலோ உங்கள் பெயரில் வாங்குங்கள். நேரடியாகக் கவுண்டரில் கட்டியும் போகலாம், கூட்ட நேரத்தில் மட்டும் திருப்பி அனுப்புவார்கள். எல்லா நிறுவனமும் ஒரு நாள் பாஸ் விற்பதில்லை. டெல்டா அறவே விற்பதில்லை, அதனால் அந்தப் பெயரில் யார் விற்றாலும் சந்தேகப்படலாம். வாங்குமுன் லவுஞ்ச் எந்த முனையத்தில் இருக்கிறது, பாதுகாப்புச் சோதனைக்கு முன்னாலா பின்னாலா, குடியேற்றச் சோதனையைத் தாண்டியா என்று பாருங்கள். ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் பயணி, விசா இல்லாமல் வெளியே போய்த் திரும்ப முடியாத இடத்தில் இருக்கும் லவுஞ்சுக்குக் காசு கட்டினால் அது போனதுதான்.

இப்போது என் பணத்துக்கு வருகிறேன். வங்கியில் டிஸ்பியூட் (கார்டில் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கும் முறையீடு) போட்டேன். "டிஜிட்டல் பொருள் ஒப்படைக்கப்பட்டது" என்று விற்றவர் அந்த ஸ்க்ரீன்ஷாட்டையே ஆதாரமாகக் கொடுத்தார், வங்கி முதலில் அவர் பக்கம் சாய்ந்தது. நான் வாங்கியது படம் இல்லை, உள்ளே போகும் அனுமதி, அது கிடைக்கவில்லை என்று காரணத்தை மாற்றித் திரும்ப எழுதினேன். லவுஞ்சுக்கு மின்னஞ்சல் அனுப்பி, தேதி, நேரம் சொல்லி, பெயர் பொருந்தாததால் அனுமதி மறுத்தோம் என்று ஒரு வரி எழுதி வாங்கினேன். அதைச் சேர்த்த பிறகு வழக்கைத் திரும்பத் திறந்திருக்கிறார்கள், பணம் இன்னும் வரவில்லை. உங்களுக்கு இப்படி நடந்தால் அந்த மறுப்பைக் கவுண்டரிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். சாட் முழுவதையும் பிளாக் ஆவதற்கு முன்னால் படம் பிடித்து வையுங்கள். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் இப்படிப்பட்ட முறையீட்டுக்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு, ஆனால் வங்கி அதற்கு முன்பே கெடு வைக்கலாம் என்பதால் ஊர் திரும்பும்வரை காத்திருக்காமல் ஆப்பிலேயே புகாரைப் பதிந்துவிடுங்கள்.

விற்ற பக்கத்தைப் புகார் செய்து எடுக்கவைத்தேன். போன வாரம் தேடியபோது வேறு பெயரில் திரும்ப வந்திருக்கிறது. அதே சாய்வு நாற்காலிப் படங்கள், "பயணிகளின் நம்பிக்கைக்குரிய நண்பன்" என்ற அதே வரி, ஒரே நாளில் வந்து குவிந்த கருத்துகள். "யார் பெயரில் பாஸ் வரும்?" என்று புது ஆள் போலக் கேட்டுப் பார்த்தேன். "அது தேவையில்லை சார், ஸ்கேன் ஆனால் போதும்" என்று உடனே பதில் வந்தது.