காசு கட்டி விஷுவல் பேசிக் கற்கப் போகிறீர்களா? சேரும் முன் இதைப் படியுங்கள்

முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டி, விஷுவல் பேசிக் என்ற புரோகிராமிங் மொழிக்கான ஓர் ஆன்லைன் கோர்ஸில் சேர்ந்து ஏமாந்துவிட்டேன். அடிப்படையிலிருந்து சொல்லித் தருவோம், சந்தேகம் கேட்டால் 24 மணி நேரத்தில் பதில் என்று விளம்பரம் செய்திருந்தார்கள்.

டேட்டா டைப், அதாவது எந்த வகைத் தகவலைச் சேமிக்கிறோம் என்ற பாடம், மொத்தமே நாலு நிமிட வீடியோ. ஓர் எழுத்து என்றால் கேரக்டர், பல எழுத்து என்றால் ஸ்ட்ரிங், எண் என்றால் இன்டிஜர். அவ்வளவுதான். கேரக்டருக்கு உதாரணமாக ரத்த வகையைக் காட்டினார்கள். திரையில் தட்டச்சு செய்யும் கட்டமான டெக்ஸ்ட்பாக்ஸில் 'ஓ' என்று தட்டினார்கள், விடை காட்டும் லேபிளில் 'ஓ' வந்தது. நானும் சரி என்று நம்பினேன்.

நண்பர்களோடு நடத்தும் ரத்ததானக் குழுவுக்காக அதே முறையில் ஒரு படிவம் செய்தேன். 60 பேரின் விவரங்களை ஏற்றிவிட்டுப் பட்டியலைத் திறந்தால் பகீரென்றது. ஒருவருக்குக்கூடப் பாசிட்டிவா நெகட்டிவா என்ற குறி இல்லை. ஏபி வகைக்காரர்கள் அத்தனை பேரும் ஏ ஆகியிருந்தார்கள். ஏ வகை நோயாளிக்கு ஏபி ரத்தம் சேராது. மருத்துவமனையில் மறுபடி சோதிப்பார்கள்தான். ஆனால் அவசர நேரத்தில் தவறான ஆளை அல்லவா ஓட வைத்திருப்போம்!

கேட்டதற்கு மூன்றாம் நாள் பதில் வந்தது: "ஃபாண்ட் பிரச்சினை, விஷுவல் ஸ்டுடியோவை அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள்." கோடு எழுதும் அந்த மென்பொருளை மறுபடி நிறுவுவதில் இரண்டு நாள் போனது, எதுவும் மாறவில்லை. அப்புறம், இதெல்லாம் அட்வான்ஸ்டு பேட்ச்சில்தான் வரும், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால், பாதிக்கு மேல் வீடியோ பார்த்துவிட்டீர்களாம், தர முடியாதாம். பணம் கட்டும்போது அப்படி ஒரு விதி என் கண்ணில் படவே இல்லை.

காரணத்தை நானே தேடித்தான் கண்டுபிடித்தேன். டெக்ஸ்ட்பாக்ஸ் தருவது எப்போதும் ஸ்ட்ரிங். அதைக் கேரக்டர் வகை மாறியில் (மதிப்பைச் சேமிக்கும் இடத்தில்) போட்டால், விஷுவல் பேசிக் முதல் கேரக்டரை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். வகை மாற்றத்தைக் கண்டிப்பாகச் சோதிக்கும் ஆப்ஷன் ஸ்ட்ரிக்ட் என்ற அமைப்பு வழக்கமாக ஆஃப் நிலையில் இருப்பதுதான் இதற்குக் காரணம். கோடின் தொடக்கத்தில் ஒரே வரியில் அதை ஆன் செய்ததும், அந்த இடத்தில் அடிக்கோடு விழுந்து பிழை என்று காட்டியது. மாறியை ஸ்ட்ரிங் ஆக்கினேன், தீர்ந்தது. முதல் நாள் பாடத்தில் சொல்லியிருக்க வேண்டிய வரி இது.

தமிழில் தட்டுபவர்களுக்கு இன்னொரு குழி இருக்கிறது. கேரக்டர் என்பது 2 பைட் இடம்; கணினியின் ஒரே ஒரு குறியீடுதான் அதில் அடங்கும். 'கு' நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு 'க' ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு. கேரக்டரில் வாங்கினால் 'க' மட்டும் மிஞ்சும். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 3 வராது, 5 வரும். நாம் எண்ணுவது போல எழுத்தெண்ண ஸ்ட்ரிங்இன்ஃபோ என்று தனியாக ஒரு வசதி இருக்கிறது. ஓர் எழுத்து என்றால் கேரக்டர் என்று தமிழ் மாணவர்களிடம் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு பெரிய பொறுப்பின்மை!

தொலைபேசி எண்ணுக்கு இன்டிஜர் என்றதும் அப்படித்தான். முன்னால் இருக்கும் 0 காணாமல் போகும். இன்டிஜரின் உச்சம் 2,147,483,647. 9-இல் தொடங்கும் பத்து இலக்க எண்ணைக் கொடுத்தால் ஓவர்ஃப்ளோ பிழை, அதாவது அளவு தாண்டிவிட்டது என்ற பிழை, வரும். கூட்டிக் கழிக்காத எண்ணை ஸ்ட்ரிங்காகவே வையுங்கள்.

எந்தக் கோர்ஸானாலும் பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: இரண்டு டெக்ஸ்ட்பாக்ஸில் 5, 3 என்று தட்டி, அவற்றுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் என்ன வரும்? 53 என்று சொல்லி, ஏன் என்றும் (இரண்டும் ஸ்ட்ரிங் என்பதால் கூட்டாமல் ஒட்டிவிடும்) விளக்கினால் மேற்கொண்டு பேசுங்கள். 8 என்றால் வேண்டாம்.

பழைய பட்டியலை அழித்துவிட்டேன். 60 பேரையும் ஒவ்வொருவராக அழைத்து ரத்த வகையை மறுபடி கேட்டு வருகிறேன். இன்னும் 22 பேர் பாக்கி.